கடல் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள்

டிசம்பர் 26 வந்தால் நம்மட ஊர் முகநூல் பக்கங்கள் எல்லாம் மௌத்தானவர்களின் படங்களால் நிறைந்துவிடும். 2024 டிசம்பர் 26ஓடு 20 வருடம். அந்தப் படங்களுக்கெல்லாம் நாங்களும் துஆச் செய்கிறோம். ஆனால் இன்று எழுத வந்தது அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவர்களைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவர்களைப் பெற ஆசைப்பட்ட, ஆசைப்படாத, ஆசைப்பட்டும் கிடைக்காத உம்மாமாரைப் பற்றி. பதிவு நீளம். பெண்டுகள் அடுப்படி வேலை முடிந்த பிறகு வாசியுங்கள். ஆண்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் என்பது ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த நான்கு டீச்சர்மார். எழுதுவது ஒருவர், மற்ற மூவரும் வாசித்துத் திருத்தியிருக்கிறார்கள். கல்முனைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கரையோர ஊர்கள்தான் எங்களுக்குச் சொந்த இடம். கடல் வந்தபோது எங்களுக்கு 14, 15 வயது. இப்போது எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறோம். ஊரில் எந்த வருடம் எத்தனை பிள்ளை பிறந்தது என்பது மிட்வைஃபுக்கு அடுத்தபடியாக எங்களுக்குத்தான் தெரியும். ஐந்து வருடம் பிந்தித் தெரியும், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும் கூட. பாடசாலை இல்லை. பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் இருந்தார்கள். இலங்கை முழுவதும் 30,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். அதில் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டம் மட்டும். நம்மட மாவட்டத்துக்குத்தான் ஆகக் கூடிய இழப்பு. போனவர்களில் பெண்களும் சிறுபிள்ளைகளும் அதிகம். ஓடத் தெரியாதவர்களும், ஓடத் தெரிந்தும் பிள்ளையை விட்டு ஓட முடியாதவர்களும்.

2014இல் நாங்கள் இரண்டாம், மூன்றாம் தர வகுப்புகளைப் பொறுப்பெடுத்தபோது பெற்றோர் கூட்டத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமார் இரண்டு வகையாக இருந்தார்கள். ஒரு பக்கம் 25, 26 வயதுப் பெண்கள், கையில் அடுத்த குழந்தையோடு. மறுபக்கம் 45ஐத் தொட்டவர்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், சிலர் பேரப்பிள்ளை எடுக்கிற வயதில். நடு வயதுக்காரர் குறைவு. ஒரு ராத்தா கதிரையில் உட்காரும்போதே சொன்னார்: "என்னப் பாத்தா இந்தப் புள்ளைக்கு மூத்தம்மா எண்டுதான் எல்லாரும் நினைக்கிற. உம்மாதான் டீச்சர், உம்மாதான்."

அவரிடம் குடும்ப விபரப் படிவத்தை நிரப்பும்போது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டோம். "ஆறு" என்றார். பேர்களைக் கேட்டோம். ஆறு பேர்களையும் வரிசையாகச் சொன்னார். எழுதி முடிந்த பிறகுதான், "முதல் மூண்டும் கடலோட போன. இப்ப ஹயாத்தோட மூண்டு" என்றார். படிவத்தில் ஆறு வரிதான் இருந்தது. அவர் எதையும் வெட்டச் சொல்லவில்லை, நாங்களும் வெட்டவில்லை.

பிறகு எத்தனையோ உம்மாமாரிடம் இதே கணக்கைக் கேட்டிருக்கிறோம். பிள்ளையை இழந்தவர்களில் ஒருவர்கூட மௌத்தானதைக் கழித்துச் சொன்னதில்லை. கிளினிக் அட்டையில் மட்டும் கழித்தல் உண்டு. கர்ப்பிணிப் பதிவில் மூன்று எழுத்துப் போடுவார்கள்: ஜீ, பீ, சீ. ஜீ என்றால் எத்தனையாவது கர்ப்பம், பீ என்றால் எத்தனை பிரசவம் நடந்தது, சீ என்றால் உயிரோடு இருக்கிற பிள்ளைகள். அந்த ராத்தாவின் 2006ஆம் வருட அட்டையை இன்னும் வைத்திருக்கிறார். ஜீ 4, பீ 3, சீ 0. "இந்தச் சைபரப் பாத்துத்தான் டொக்டர் என்ன நிமிர்ந்து பாத்த" என்றார்.

சைபரை ஒன்றாக்கத்தானே மறுபடி பெற்றார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். "போனதுக்குப் பதில் அல்லாஹ் தந்துட்டான்" என்று பிள்ளை பார்க்க வந்த எல்லாரும் சொன்னார்களாம். ஆறுதலுக்குச் சொல்வதுதான், குற்றம் பிடிக்கவில்லை. ஆனால் "பதில்" என்ற சொல்லை அந்த உம்மாமார் யாரும் தங்கள் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. இன்னொரு உம்மா, பிறந்த ஆண்பிள்ளைக்கு மௌத்தான மகனின் பேரையே வைத்தார். மாமியார் விருப்பம் அது. பாடசாலை இடாப்பில் அந்தப் பேர்தான் இருக்கிறது. நாங்கள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை "வந்திரிக்கன்" என்று சொல்லும். வீட்டில் அந்த உம்மா பிள்ளையைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார், ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பேர்ல எனக்கு ஒரு மகன் இரிக்கான்" என்றார். இரிக்கான் என்றார், இருந்தான் என்று சொல்லவில்லை.

இவையெல்லாம் நம்மட ஊரில் மட்டும் நடந்ததல்ல. இதே கடல் இந்தோனேசியாவின் அச்சேயில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான ஆட்களை எடுத்தது. அங்கே ஜென்னா நோபிள்ஸ், எலிசபெத் ஃபிராங்கன்பெர்க், டங்கன் தோமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், சுனாமிக்கு முன்பே கணக்கெடுப்பில் பதியப்பட்டிருந்த பெண்களைத் தேடிப் பிடித்து ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2015இல் 'டெமோகிராபி' என்ற ஆய்விதழில் வந்தது. பிள்ளையை இழந்த உம்மாமார், இழக்காதவர்களைவிட மறுபடி பிள்ளை பெறுவது தெளிவாகவே கூடியிருந்தது. இது எல்லாரும் எதிர்பார்த்ததுதான்.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த கணக்கு. சுனாமிக்குப் பிறகு கூடிய பிறப்புகளில், பிள்ளையை இழந்த உம்மாமாரின் பங்கு 13 வீதம்தான். இன்னொரு பெரிய வழியாக அவர்கள் கண்டது, அதுவரை பிள்ளையே இல்லாத இளம் பெண்களை. எந்த ஊரில் மௌத்து அதிகமோ, அந்த ஊரில் அவர்கள் முந்திப் பிள்ளை பெறத் தொடங்கியிருக்கிறார்கள். தன் வீட்டில் பிள்ளை போகாதவளும் பெற்றாள். ஊர் வெறுமையாகிப் போனதைப் பார்த்துப் பெற்றாள். அல்லது ஊர் அவளைப் பெற வைத்தது.

பெற்றோர் கூட்டத்தில் பார்த்த அந்த 25 வயதுப் பெண்கள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்களோடு ஒன்பதாம், பத்தாம் ஆண்டு படித்தவர்கள். கடல் வந்த அடுத்த வருடம் வகுப்பில் ஒவ்வொரு வாங்காகக் காலியானது. சிலர் மௌத்து. சிலருக்கு நிகாஹ். மனைவியை இழந்த ஆண்கள் அதிகம், கைக்குழந்தையோடு நின்ற வாப்பாமாரும் இருந்தார்கள். உம்மாவை இழந்த குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயந்த மாமாமார் அதைவிட அதிகம். "ஒரு பொறுப்பில குடுத்துருவம்" என்பதுதான் அந்த வருடத்துப் பேச்சு. எங்களோடு படித்த ஒருத்திக்கு 17 வயதில் கல்யாணம், 18இல் முதல் பிள்ளை. அவளுடைய பிள்ளை எங்கள் வகுப்புக்கு வந்தபோது அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க படிச்சி முடிக்க முந்தி நான் படிக்க ஆள் அனுப்பிட்டன் பாத்தியளா?" அவளுக்குப் பிள்ளை ஆசை இருந்ததா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்தாள். "ஆச இல்லண்டு சொல்லல. ஆரும் கேக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

இந்தப் பதிவில் எங்களுக்கு ஒரு கோபம் இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான். 2005இல் கூடாரத்துக்கு வந்து போன எல்லாரும் உம்மாமாரின் வயிற்றைப் பற்றிக் கதைத்தார்கள். மாமியார் கதைத்தார். புருஷன் கதைத்தார். குறிப்பெடுக்க வந்த வெளிநாட்டுக்காரரும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "அடுத்த பிள்ளை பற்றி யோசித்தீர்களா" என்று கேட்டார். அதே கூடாரத்தில் பத்து அடிக்குப் பத்து அடியில் எட்டுப் பேர் படுத்தார்கள். பாடசாலை மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சாறியைக் கட்டித் தொங்கவிட்டதுதான் சுவர். குளிக்க மறைப்பு இல்லை. புருஷனும் பொஞ்சாதியும் ஒரு வார்த்தை தனியாகப் பேச இடமில்லை. வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டார்கள், பிறகு குறைத்தார்கள். எந்த வளவில் எப்போது வீடு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சாச்சி எங்களிடம் சொன்னது: "புள்ள ஆச எனக்கு வந்தது எப்ப தெரியுமா? வீட்டுக்குக் கதவு போட்ட அண்டைக்கு. கதவப் பூட்டிட்டு அழுத. மறுகாதான் ஆச வந்த."

அழுவதற்குக் கதவு வேண்டியிருந்திருக்கிறது. அச்சே ஆய்வில் கதவுக்கு ஒரு நிரல் இருந்திருந்தால் நல்லது.

வீடு இல்லாமல் போனால் எல்லா இடத்திலும் பிறப்புக் கூடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்த பிறகு, மோசமாகப் பாதிக்கப்பட்ட 14 மாவட்டங்களில் அடுத்த வருடம் பிறப்புகள் 19 வீதம் குறைந்தன. ஆட்கள் ஊரைவிட்டுச் சிதறிப் போனார்கள் என்பது அதில் பெரிய காரணம். நம்மட ஆட்கள் சிதறவில்லை. எங்கே போவது? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வயல், நடுவில் நாங்கள். அதே தெரு, அதே பள்ளிவாசல், அதே பக்கத்து வீட்டுக் கண்.

வேண்டாம் என்று சொன்ன உம்மாமாரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒருவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு பிள்ளை போய் ஒரு மகள் மிஞ்சினாள். புருஷன் வீட்டார் ஒன்றரை வருடம் பொறுத்தார்கள். பிறகு நேரடியாகவே கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ஊரில் பல காலம் ஓடியது: "இனி ஒண்டும் கடலுக்குப் பெத்துக் குடுக்கேலா." அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை இல்லாத பேச்சு என்றார்கள். புருஷனுக்கு இரண்டாம் நிகாஹ் பேசுவோம் என்றார்கள். புருஷன் நல்ல மனிசன், அந்தப் பேச்சு நடந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்த மகள் இப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டாள். உம்மா இன்றைக்கும் மழை கூடினால் மகளுக்கு ஃபோன் எடுத்து எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறார். ஆசை இல்லாமல் போகவில்லை. இருந்த ஆசை முழுவதும் ஒரே பிள்ளையின் மேல் போய் நின்றுவிட்டது.

ஆசைப்பட்டும் கிடைக்காதவர்களின் கதை இதைவிடப் பாரம். 40 வயதைக் கடந்து பிள்ளைகளை இழந்தவர்களுக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. கொழும்புக்கு வான் பிடித்துப் போய் வந்தார்கள், தாலிக்கொடியை அடகு வைத்துப் போனார்கள். நாகபட்டினத்தில் இன்னொரு விதமான கஷ்டம். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மௌத்து. அங்கே மீனவர் குடும்பங்களில் இரண்டு பிள்ளை பெற்றதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட உம்மாமார் பலர். பிள்ளைகளைக் கடல் எடுத்த பிறகு, கட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் சத்திரசிகிச்சையைத் தமிழ்நாடு அரசு இலவசமாகச் செய்து கொடுக்க முன்வந்தது. 2008 மே மாதம் சீனாவின் சிச்சுவானில் பூமி அதிர்ந்து, பாடசாலைக் கட்டடங்கள் பிள்ளைகளின் மேலேயே விழுந்தன. ஒரு பிள்ளைதான் பெறலாம் என்று சட்டம் இருந்த நாடு. ஒரே பிள்ளையை இழந்தவர்கள் இன்னொன்று பெறலாம் என்று அங்கே அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள், குழாய் இணைக்க வைத்தியக் குழுக்களும் போயின.

இவை நல்ல காரியங்கள். தேவைப்பட்டவளுக்கு அது பெரிய உதவி. ஆனால் பிள்ளையை அடக்கம் செய்த மண் காய முந்தி அரசாங்கக் கடிதத்தோடு ஒருவர் வந்து நின்றால், அந்த உம்மா "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மாமியாருக்கே சொல்ல முடியாதவள் அரசாங்கத்துக்கு எப்படிச் சொல்வாள்?

இனி எங்கள் தலைமுறைக்கு வருவோம். குடித்தொகை படிக்கிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். போன பிள்ளைக்காகப் பெறுவது ஒன்று. இனிமேல் போனாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று முன்கூட்டியே பெறுவது மற்றது. நம்மட ஊரில் இரண்டாவதைச் சொல்கிறவர்கள் நிறைய. "நாலு இரிந்தா ஒண்டாவது மிஞ்சும் புள்ள" என்று உம்மாக்கள் எங்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அதே காலையைக் கண்ட எங்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 14 வயதில் நாங்கள் பார்த்தது என்ன? ஒவ்வொரு உம்மாவும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று பிடித்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவது பிள்ளை சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தது. தலைப்பு கையிலிருந்து எப்போது விடுபட்டது என்று அந்த உம்மாவுக்குத் தெரியாது. இருபது வருடமாக அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் நான்கு பேரில் மூன்று பேர் இரண்டு பிள்ளையோடு நிறுத்திவிட்டோம். கேட்டால் சம்பளம், விலைவாசி, டியூஷன் காசு என்று சொல்லுவோம், அதுவும் பொய்யில்லை. தனியாக இருக்கும்போது சொல்லும் காரணம் வேறு. கை இரண்டுதான்.

பாருங்கள், ஒரே காலை. அதைப் பார்த்த ஒரு பெண் நாலு வேண்டும் என்கிறாள், இன்னொரு பெண் இரண்டு போதும் என்கிறாள். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இதில் யாருக்கு ஈமான் கூட, யாருக்குக் குறைவு என்று அளப்பதற்குத் தராசு வைத்திருப்பவர்கள் கருத்துப் பெட்டியில் வருவார்கள். வரட்டும், ஸலாம் சொல்லுவோம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். வெள்ளத்தில் உழவு இயந்திரம் அடிபட்டுப் போய் மத்ரஸாப் பிள்ளைகள் மௌத்தானார்கள். அந்த இரவு எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் நித்திரை இல்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்து இப்போது 16, 17 வயதான பிள்ளைகளை உம்மாமார் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அடுத்த கிழமை ஆசிரியர் அறையில் கல்யாணமாகி ஒரு வருடமான புதிய டீச்சர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ராத்தா, இந்த ஊர்ல புள்ள பெறப் பயமில்லையா?" பயம் இல்லை என்று அவருக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பயத்தோடுதான் பெற்றோம் என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். வேறு கதை கதைத்தோம்.

எங்களில் நாலாவது ஆள் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. அவளுடைய வீடு கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது வளவு. இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு வருடம். மாமி ஒவ்வொரு பெருநாளைக்கும் கேட்பார், அவள் சிரித்துவிட்டுப் போவாள். புருஷனிடம் மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: முதலில் மேல்மாடிக்குப் பிளேட் போடுங்க, பிறகு பார்க்கலாம். சீமெந்து விலை ஏறியது, நாடு வங்குரோத்தானது, கம்பி வாங்க வைத்த காசு பிள்ளைகளின் பால்மாவுக்குப் போனது. அவள் சொன்ன சொல்லில் நின்றாள். இந்த ஏப்ரலில் ஒரு வழியாகப் பிளேட் போட்டு, ஜூனில் படியும் கட்டி முடித்தார்கள். அகலமான படி, இரண்டு கையிலும் பிள்ளை இருந்தாலும் ஏறலாம். கைப்பிடியை மட்டும் இன்னும் பூட்டவில்லை.

இப்போது அவளுக்கு நாலு மாதம். கிளினிக் அட்டையில் ஜீ 3, பீ 2, சீ 2. கைப்பிடிக்காரரை ஜனவரிக்குள் வரச்சொல்லி இன்று காலையும் ஃபோனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.